வாரத்துக்கு ஓர் எழுத்து

“கைய வுடுப்பா. நானே எழுதுறேன்.”

இப்படிச் சொன்னபோது என் மகள் இனியாவுக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. இடம், சிதம்பரத்தில் என் மாமனார் வீட்டுக் கூடம். நாள், ஞாயிற்றுக்கிழமை. தரையில் பாய் விரித்து, நாலு கோடு போட்ட நோட்டை வைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவளுடைய வலது கையை என் கைக்குள் அடக்கிப் பென்சிலை நகர்த்திக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருந்த எழுத்து இங்கிலீஷ் ‘ஓ’. ஒரு வட்டம், அவ்வளவுதான்.

வட்டம் போட எந்தப் பிள்ளைக்கு அப்பன் கை வேண்டும்? மூன்று வயதிலேயே எங்கள் வீட்டுச் சுவர் பூராவும் வட்டம் போட்டுத் தள்ளினவள் அவள். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் விடவில்லை.

“வட்டம் கோணலா பூடும் பாப்பா” என்றேன்.

“போவாது. நீ புடிச்சாத்தான் கோணுது.”

எதிரே நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த செந்தில் நிமிர்ந்து சிரித்தான். என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். அவன் சிரித்தது பெரிதில்லை. அந்தக் கையை விட்டுவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளைத் தொட எனக்கு வேறு காரணம் கிடையாது. அந்த வீட்டுக்கு நான் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வந்தவன் இல்லை. இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வந்தவன்.

எல்லாம் என் வாயால்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். இந்த வாரம்தான் முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, கை நீட்டுகிற வழக்கமும் கிடையாது. வாய் மட்டும் உண்டு. கோபம் வந்தால் என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது. பேசி முடித்த பிறகு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கும்.

கடலூர் முதுநகரில் நாங்கள் குடியிருந்த வீட்டில், ஒரு நாள் காலையில், இட்லி ஆறிப்போயிருந்தது என்பதற்காக நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. என் மனைவி வனிதா எழுந்து போனாள். பிள்ளைக்குத் தலை வாரிவிட்டாள். ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்தாள். சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள்.

சமாதானம் பேசப் பெரியவர்கள் போனார்கள், வந்தார்கள். அவள் மசியவில்லை. சிதம்பரத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையை ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் போட்டாள். கடலூரில் எங்கள் தெரு முனைப் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தவள் இனியா. புதுப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஏ பி சி டி சொல்ல, இவள் முழித்துக்கொண்டு நின்றாளாம்.

பிள்ளையை மட்டுமாவது பார்க்க விடுங்கள் என்று என் சித்தப்பாவைத் தூது அனுப்பினேன். வனிதா சொன்ன பதிலை அவர் அப்படியே வந்து ஒப்பித்தார்.

“சும்மா வந்து குந்திக்கினு முட்டாய் குடுத்துட்டுப் போறதா இருந்தா வேணாம். பொண்ணு பாக்க வந்தப்ப, மாப்ள ஆபீஸ்ல எல்லாமே இங்கிலீஷ்லதான் எழுதுவாருன்னு பீத்திக்கினாங்களே, அத புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கட்டும். அது தானா படிக்கிற வரைக்கும் ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போவட்டும். அப்பறம் அவுரு வர வேணாம்.”

குத்தலாகத்தான் சொன்னாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தானா படிக்கிற வரைக்கும். எனக்குக் கிடைத்த கெடு அதுதான்.

பத்திலிருந்து ஒன்று வரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதுநகரில் பஸ் ஏறுவேன். வாரம் பூராவும் சவரம் செய்யாத ஆள், அன்றைக்கு மட்டும் கல்யாண மாப்பிள்ளை கணக்காகக் கிளம்புவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஊராகக் கழியும். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொள்வேன். பாலத்தின் மேல் அடிக்கிற காற்றில் சீவின தலை திரும்பக் கலைந்துபோகும் என்பது வேறு விஷயம்.

காலை பத்து மணிக்கு நுழையலாம். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். சாப்பாடு கிடையாது. ஒரு சொம்புத் தண்ணீர் உண்டு. மாமனார் என்னைப் பார்த்து “வாங்க மாப்ள” என்பார், பிறகு பேப்பருக்குள் போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மகள் அழுதுகொண்டு வந்து நின்றதைப் பார்த்த மனுஷன். வனிதா சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டாள். செந்தில் காவலுக்கு நாற்காலியில்.

அந்த மூன்று மணி நேரத்தில் பிள்ளையின் உச்சந்தலை என் மோவாய்க்குக் கீழே இருக்கும். தேங்காய் எண்ணெயும் ரப்பர் துகளும் கலந்த ஒரு வாசனை. பென்சில் சீவின சுருளைத் தரையில் போடக் கூடாது என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். திங்கட்கிழமை ஆபீஸில் பேனா எடுக்கப் பைக்குள் கை விட்டால் அது தட்டுப்படும். எடுத்து மோந்து பார்ப்பேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு தடவை, “என்னா சார், பொடி போடற பழக்கம் எப்ப வந்துது?” என்று கேட்டுவிட்டார்.

பார்சல் ஆபீஸ் இங்கிலீஷ்

இப்போது ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் ஆபீஸில் இங்கிலீஷில் எழுதியதெல்லாம் விலாசம்தான்.

முதுநகரில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் எனக்கு வேலை. காடாம்புலியூர் பக்கத்திலிருந்து முந்திரிப் பருப்புப் பெட்டிகள் வரும். வலைக் கட்டுகள், கருவாட்டு மூட்டைகள், சீர்வரிசைப் பாத்திரங்கள் வரும். எல்லாவற்றின் மேலும் தடித்த மார்க்கரால் ஆள் பேரும் ஊர் பேரும் எழுதுவேன். சேர்ந்த முதல் நாளே மேனேஜர் சொல்லிவிட்டார்: “தம்பி, சின்ன எழுத்து லாரிக்கு ஒதவாது. பத்தடி தள்ளி நிக்கறவனுக்கும் தெரியணும்.” அன்றிலிருந்து எல்லாம் கேப்பிடல் எழுத்துதான். ஒவ்வொரு கோட்டின் மேலும் இரண்டு தரம் இழுப்பேன். கீழே அடிக்கோடு. சுற்றி ஒரு பெட்டி. என் கையெழுத்துக்கு ஆபீஸில் நல்ல பேர்.

நான் இங்கிலீஷ் கற்றதும் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்பில்தான் எங்களுக்கு ஏ பி சி டி. வாத்தியார் கரும்பலகையில் இருபத்தாறையும் எழுதிப் போட்டுவிட்டு, “பாத்து எழுதுங்கடா” என்று நாற்காலியில் சாய்ந்துவிடுவார். நாங்கள் படம் வரைகிற மாதிரி வரைந்தோம். யாரும் கையைப் பிடித்து எழுதச் சொல்லித் தரவில்லை.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். நான் எழுதும்போது எட்டி நின்று பார்ப்பார். “என்னாடா அது, பூச்சி பூச்சியா?” என்று கேட்பார். பக்கத்தில் வரமாட்டார். தன் கை பட்டால் தாள் அழுக்காகிவிடும் என்று அவருக்குப் பயம். ஒரே ஒரு தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் என்ன, சும்மா உட்கார்ந்திருக்கலாம். அவர் போய் இத்தனை வருஷம் கழித்து எனக்கு இந்த ஏக்கம் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு ஓர் எழுத்து என்று இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக் கொடுத்து முடித்தேன். அதற்கு மறு வாரம் வனிதா முதல் தடவையாகக் கூடத்துக்கு வந்து நின்றாள். கையில் பிள்ளையின் நோட்டு. பக்கம் பூராவும் மிஸ் போட்ட சிவப்பு மை.

“என்னா இது? மூட்ட மேல எழுதற மாதிரி எழுதி வெச்சிருக்கா. வீட்ல யாரு சொல்லிக் குடுக்கறதுன்னு மிஸ் கேக்கறாங்க. சின்ன எழுத்து எங்க? புள்ளைய பார்சல் ஆபீஸ்லயா சேக்கப் போறோம்?”

வாங்கிப் பார்த்தேன். எல்லாம் என் கைவரிசை. ஒவ்வொரு எழுத்தும் இரண்டு தரம் இழுத்து, அடிக்கோடு போட்டு, சுற்றிப் பெட்டி கட்டி, அச்சு அசல் முந்திரிப் பெட்டி. பக்கத்தின் தலையில், டூ என்று போட்டு மிஸ்ஸின் பேர். அடியில், ஃப்ரம் என்று போட்டு இனியா. வீட்டுப்பாடத்தை மிஸ்ஸுக்கு புக்கிங் செய்து அனுப்பியிருந்தாள் என் மகள்.

“மாமா, ‘ஒடையும் பொருள்’னு போட மறந்துட்டீங்களே” என்றான் செந்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் பேப்பருக்குப் பின்னால் செருமினார். வனிதாவும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. சிரித்திருப்பாள் என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய ஆளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு எகிறியிருப்பேன். “தப்புதான். சின்ன எழுத்து மொதல்லேர்ந்து சொல்லிக் குடுத்துடறேன்” என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். மனசுக்குள் என்ன ஓடியது தெரியுமா? அடேயப்பா, இன்னும் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை! திரும்பி வருகிற பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தவனைக் கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

இழுத்தடிப்பு

ஒரு தப்பில் அரை வருஷம் கிடைத்த பிறகு சும்மா இருப்பேனா? ருசி கண்டுவிட்டேன்.

பென்சில் முனையை அழுத்தி உடைப்பேன். அதைச் சீவப் பத்து நிமிஷம். எழுதியது நன்றாகவே இருந்தாலும், “வால் நீளமாப் போச்சி, அழி” என்பேன். ஒரே எழுத்தில் இரண்டு வாரம் நிற்பேன். வனிதா உள்ளேயிருந்து, “இன்னுமா அது முடியல?” என்று குரல் கொடுத்தால், “அஸ்திவாரம் பலமா இருக்கணும் பாரு” என்று பெரிய மேஸ்திரி மாதிரி பதில் சொல்வேன்.

ஒரு வழியாகச் சின்ன எழுத்தும் முடிந்து வாசிப்புக்கு வந்தோம். இதற்குள் அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடப் புத்தகத்தைத் திறந்து ஒரு வார்த்தையின் அடியில் விரலை வைப்பேன். அவள் கூரையைப் பார்ப்பாள்.

“தெரியாது.”

“எழுத்துக் கூட்டிச் சொல்லு பாப்பா.”

“தெரியாது.”

எழுதச் சொன்னால் மணி மணியாக எழுதுகிற பிள்ளை, வாசிக்கச் சொன்னால் ஊமையாகிவிடும். வாரங்கள் போயின. மற்ற எந்த அப்பனாக இருந்தாலும் கவலைப்பட்டிருப்பான். எனக்குக் கவலையாகவே இல்லை. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று சந்தோஷப்பட்ட அப்பன் ஊரிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். இதை எழுதுகிறபோது கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

மூடியிருந்த கடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டு தீர்ந்துபோய்விட்டது. செந்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, வாங்கிட்டு ஒடனே வந்துடுங்க மாமா” என்று எங்களை விட்டான். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக நானும் என் மகளும் தெருவில் நடந்தோம். அவள் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். பென்சில் இல்லாமல், எழுத்து இல்லாமல், சும்மா பிடித்துக்கொண்டு நடந்தோம். அந்தக் கை என் இரண்டு விரலுக்குத்தான் காணும்.

கீழ வீதிக்குப் போனால் நோட்டுக் கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. கடைக்காரர் உள்ளே இருந்தாலும் இருப்பார் என்று ஷட்டரைத் தட்டினேன்.

“தட்டாதப்பா. ஞாயித்துக்கெழம லீவாம். நாளைக்கு ஒம்போது மணிக்குத்தான் தொறப்பாங்களாம்.”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“தோ, எழுதி ஒட்டியிருக்கே.”

ஷட்டரின் ஓரத்தில் ஒரு சின்னத் தாள். இங்கிலீஷில், பொடிப் பொடி எழுத்தில் இரண்டு வரி. நான் கண்ணைச் சுருக்கிப் படித்தேன். அவள் சொன்னதேதான். திரும்பிப் பார்த்தால், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு ரோஸ்மில்க் சொன்னேன்.

“எப்பலேர்ந்து படிக்கத் தெரியும்?”

“ஸ்கூல் தொறந்து கொஞ்ச நாள்லேர்ந்து.”

“அப்பறம் ஏன் தெரியாது தெரியாதுன்ன?”

ஸ்ட்ராவை ஊதிக் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். “அம்மா தாத்தாகிட்ட சொன்னாங்க. நான் படிக்கக் கத்துக்கினா அதுக்கப்பறம் அப்பா வர வேணாம்னு.”

“மிஸ்கிட்டயாவது படிக்கலாம்ல?”

“மிஸ் டைரில எழுதிடுவாங்க. அம்மா பாத்துடுவாங்க.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “நீயுந்தான பென்சில வேணும்னே ஒடச்சி ஒடச்சி சீவுற.”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். உலகத்தில் ஒரு ஜீவன் என்னை வேண்டும் என்று நினைக்கிறது. வாயை மூடிக்கொண்டு, வகுப்பில் மக்கு என்று பேர் வாங்கிக்கொண்டு, எனக்காக உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தகுதியாக நான் என்ன செய்துவிட்டேன் சொல்லுங்கள்.

வீட்டுக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடினோம். நான் விரலை வைப்பேன், அவள் தெரியாது என்பாள், நான் பெருமூச்சு விடுவேன். செந்திலுக்குத் தெரியாமல் என் முழங்கையைக் கிள்ளுவாள். அந்த நாலு வாரம் மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் சந்தோஷமாக இருந்ததில்லை.

பள்ளிக்கூட வராந்தா

ஐந்தாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா அப்பா இரண்டு பேரும் வரணும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில், முழங்காலை மடக்க இடமில்லாமல், நானும் வனிதாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எங்களைச் சேர்த்து உட்கார வைக்க எத்தனை பெரியவர்கள் முயற்சி செய்தார்கள், ஒரு குட்டிப் பெஞ்சு செய்துவிட்டது.

மிஸ் நல்ல பெண். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“நல்லா எழுதறா சார். ஆனா படிக்கச் சொன்னா வாயே தொறக்க மாட்டேங்கறா. ஒரு வார்த்தகூட இல்ல. ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அடுத்த வருஷமும் இதே கிளாஸ்ல இருக்கட்டுமேன்னு நாங்க நெனைக்கறோம்.”

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் வனிதா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தோள் குலுங்கியது. நான் அத்தனை பேச்சுப் பேசியபோதுகூட என் எதிரில் அழாதவள்.

“நான்தான் கெடுத்துட்டனா? ஊர மாத்தி, ஸ்கூல மாத்தி, புள்ள மனசு ஒடஞ்சி போச்சா? சொல்லுங்க, என்னாலயா?”

அவளிடம் சொல்ல வேண்டிய பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒன்றும் இல்லை வனிதா, பிள்ளை ஜோராகப் படிக்கிறாள் என்று சொன்னால் போதும். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வேண்டாத நேரத்திலெல்லாம் திறந்த என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. “பாத்துக்கலாம், அழாத” என்று மட்டும் சொன்னேன்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. மூன்று மணி நேரத்துக்காக ஒரு பிள்ளையை ஒரு வருஷம் பின்னால் உட்கார வைக்கப் பார்க்கிறேன். அவள் அம்மாவை அழவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இதைவிட அன்றைக்கு இட்லிக்காகப் பேசின பேச்சு தேவலை. இனிமேல் பார்க்க முடியாமலே போனாலும் போகட்டும், பிள்ளை படித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஊர் வரும்வரை அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

பாயில் உட்கார்ந்ததும், “மச்சான், கொஞ்சம் தண்ணி” என்றேன். செந்தில் உள்ளே போனான். குரலைத் தணித்துச் சொன்னேன்.

“பாப்பா, இன்னிக்குப் படிச்சிடு.”

“மாட்டேன்.”

“அம்மா அழுவுறாங்க.”

“எதுக்கு?”

“நீ படிக்கலன்னுதான். ஒனக்கு ஒடம்புல ஏதோ கோளாறுன்னு பயந்துட்டாங்க.”

இது அவளுக்குப் புதுச் செய்தி. ரப்பரைப் பாயில் உருட்டினாள். உருட்டிக்கொண்டே கேட்டாள். “படிச்சிட்டா நீ வருவியா?”

வருவேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் சொன்னவன்தானே. ஆனால் அந்தப் பிள்ளையிடம் அன்றைக்கு முடியவில்லை.

“தெரியல பாப்பா. அம்மாதான் சொல்லணும்.”

“வரலன்னா?”

“வரலன்னாலும் நீ படிச்சிக்கினே இருக்கணும். அப்பாவுக்கு அது போதும்.”

போதாது. எனக்கு எந்த ஜென்மத்திலும் அது போதாது. ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

செந்தில் தண்ணீரோடு வந்தான். இனியா ரப்பரை எடுத்து டப்பாவில் வைத்தாள். புத்தகத்தைத் தானே திறந்தாள். “மாமா, அம்மாவ கூப்புடு. தாத்தாவயும் கூப்புடு” என்றாள்.

மாமனார் பேப்பரை இறக்கினார். வனிதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். இனியா எழுந்து நின்று, புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, படிக்க ஆரம்பித்தாள்.

ஒரு சிறுமி தன் கோழியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற கதை. ஒரு பக்கம். கோழியைக் குளத்தங்கரையில் தேடுகிறாள், வண்டிக்கு அடியில் தேடுகிறாள், வைக்கோலுக்குள் தேடுகிறாள். என் மகள் தட்டுத் தடங்கல் இல்லாமல், முற்றுப்புள்ளியில் நின்று, கேள்விக்குறியில் குரலை உயர்த்தி, கணீரென்று படித்தாள். நான் ஒரு எழுத்துக்கு ஒரு வாரம் என்று ஓட்டிய பிள்ளை. எனக்கே தெரியாத ஒரு வார்த்தையைக்கூடப் படித்துவிட்டுத் தாண்டிப் போனாள். செந்தில் போனை மடியில் போட்டுவிட்டான். வனிதா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவே இல்லை.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரியாகக் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் நாலு வரி. இன்னும் இரண்டு. கடைசி வரியில் சிறுமி கோழியைக் கண்டுபிடித்துவிடுவாள். முடிந்துபோகும்.

கடைசி வரியில் வேகமாக வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வார்த்தை பாக்கி. புத்தகத்தை மூடினாள்.

“என்னா பாப்பா, முடிச்சிடு” என்றாள் வனிதா.

“கடசி வார்த்த தெரியாது” என்றாள் இனியா. “அத அப்பா அடுத்த ஞாயித்துக்கெழம சொல்லிக் குடுப்பாங்க.”

“ஏய், ஹென், கோழின்னுதான போட்டுருக்கு” என்று செந்தில் பதறினான். “மூணே எழுத்து. மேல ஏழு தடவ அதையே படிச்சியேடி!”

“நீ சும்மா இருடா” என்றாள் வனிதா.

வனிதா பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. வனிதா அதையும் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது, எத்தனை நாளாக நடந்திருக்கிறது என்பதெல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஏறுவது எனக்குத் தெரிந்தது. கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தினால் கேட்டுக்கொள்வது என்று தயாராக இருந்தேன்.

அவள் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து, கடைசி வார்த்தையின் அடியில் விரலை வைத்தாள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கஷ்டமான வார்த்ததான்” என்றாள். “ஒரு வாரத்துல வராது. மெதுவாவே சொல்லிக் குடுங்க.”